நட்டு அத்தான் போட்ட ஏழாவது கையெழுத்து

நட்டு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பெரியம்மா வீட்டுச் சமையலறையில். எனக்கு அப்போது பதினான்கு வயது. காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வெளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "மூத்தவளுக்கு ஒரு இடம் வந்திருக்கு. பம்பு ரிப்பேர் பண்றவர். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல சொந்தப் பட்டறை" என்றார்.

"பேரு?" என்றாள் பெரியம்மா.

"பேரு என்னமோ சொன்னாங்க. எல்லாரும் நட்டுன்னுதான் கூப்பிடறாங்க."

"கழண்டதா, இறுக்கினதா?"

பெரியப்பாவுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. செருப்பைக் கழற்றப் போய்விட்டார். எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் நான் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தேன். பெரியம்மாவுக்கு மூன்று பெண்கள், நடுவில் ஒரு பையன் பிறந்து தங்கவில்லை. மூத்தவளை நான் பெரியம்மா மகள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அக்காதான்.

அந்த ஆள் வீட்டுக்குப் பேச வந்த அன்று பெண்ணைப் பார்க்கவில்லை. கொல்லைப்பக்கம் பம்பு கிரீச்சிடுகிற சத்தம் கேட்டு நேராக அங்கே போய்விட்டார். அவரோடு வந்த அவருடைய சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தார். அத்தான் சட்டை நனைந்து உள்ளே வந்தபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சட்டைப்பை நிறைய நட்டு. நடந்தால் சத்தம் வரும்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அக்காவுக்கு வலி எடுத்தது. அப்போது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு, அவ்வளவுதான். பிரசவத்துக்கு டவுனுக்குப் போக வேண்டும். பட்டறைக்கு வந்திருந்த ஒரு வேனில் அக்காவை ஏற்றினோம். நானும் போனேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில். கேட் திறந்தபோது குழந்தை பிறந்திருந்தது. ஆண் குழந்தை, அழவில்லை. அக்கா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அத்தான் ஒன்றே ஒன்றைச் சொல்வார், கேட் பதினோரு நிமிஷம் மூடியிருந்தது என்று.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் மனு மனுவாக எழுதிக் கொடுத்துத்தான் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறை வந்தது. இரண்டு கட்டில், ஒரு பெரிய விளக்கு, ஒரு குழாய். அந்தக் குழாய்க்கான பம்பை அத்தானே மாட்டினார். கை கழுவுகிற உயரத்தில் குழாய் இருக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு இரண்டு முறை சுவரை உடைக்க வைத்தார். நர்ஸம்மா வேலைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். அக்காவின் அடுத்த குழந்தை, பெண், அந்த அறையில்தான் பிறந்தாள். என் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான். எங்கள் பக்கத்து ஒன்பது ஊருக்கும் அது ஒன்றுதான்.

அத்தான் எப்படி எம்.எல்.ஏ. ஆனார் என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டு பெரிய கட்சியிலும் நின்றவர்கள் சகலைகள், அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் வீட்டில் என்ன தகராறோ, இரண்டு பேரும் மேடைக்கு மேடை ஒருவர் வீட்டு விவகாரத்தை ஒருவர் எடுத்து வைத்தார்கள். ஜனங்களுக்கு வெறுத்துப் போயிற்று. பள்ளிக்கூட வாத்தியார் போய், "நீங்க நில்லுங்க நட்டு, ஒரு ஆறுதலுக்கு" என்றார். இவரும் நின்றார். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து ஆள் வந்தபோது அத்தான் ஒரு பம்புக்கு அடியில் படுத்திருந்தார்.

"யாருப்பா ஜெயிச்சது?"

"நீங்கதான்."

"நல்லா விசாரிச்சுச் சொல்லு."

இருநூற்றுப் பதினாலு ஓட்டு வித்தியாசம். தலைநகரத்துக்குப் பஸ்ஸில் போனார், கூடவே கருவிப் பையும் போயிற்று. உறுப்பினர்களுக்கான கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அறை. முதல் வாரமே தன் அறைக் குழாய் சொட்டுவதைச் சரி செய்தார். அது பக்கத்து அறைக்குத் தெரிந்து, மாடி முழுக்கத் தெரிந்து, பிறகு எல்லாரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுங்கட்சிக் குழாய், எதிர்க்கட்சிக் குழாய் என்று அவர் பார்க்கவில்லை.

சபையில் பேசுவதை அப்படியே அச்சடித்து உறுப்பினர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அக்கா ஐந்தாவது வரை படித்தவள், நான் மூன்றாவது. மதியம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டிப் படிப்போம். அத்தான் பேசிய பக்கத்தைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. முதலில் அகப்பட்டது ஒரு கேள்வி. பிரசவ அறை உள்ள ஆஸ்பத்திரிகளில் எத்தனையில் அறைக்குள்ளேயே குழாய் இருக்கிறது என்று கேட்டிருந்தார். விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது என்று அமைச்சர் பதில். யார் சேகரிக்கிறார்கள் என்று அத்தான். அதற்கு அடுத்து, சிரிப்பு என்று அச்சடித்திருந்தது.

"சிரிச்சதையுமா புஸ்தகத்துல போடுவாங்க?" என்றாள் அக்கா.

"போட்டிருக்கே."

"யாரு சிரிச்சாங்கன்னு போடலையேடி. இவரா, அவங்களா?"

எனக்கு என்ன தெரியும். மூன்று வருஷத்தில் அதே கேள்வியை ஒன்பது முறை கேட்டார். ஏழாவது எட்டாவது முறை சிரிப்பு என்று போடவில்லை, கவனித்தோம். ஒன்பதாவது முறை அமைச்சர் எண்ணிக்கையைச் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு அறைகள், அதில் தொண்ணூற்றேழில்தான் குழாய். மற்றவற்றுக்கும் குழாய் போடச் சொல்லி அதற்குப் பிறகு உத்தரவு போனதாம். அது அத்தான் செய்த வேலை என்று எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் குழாயில் தண்ணீர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததே.

குழாய்க் கேள்வியைக் கேட்டதாலோ என்னவோ, அவரைச் சுகாதாரக் கமிட்டியில் போட்டார்கள். பதினோரு பேர், நீள மேசை, புதன்கிழமைதோறும் கூட்டம். அங்கேதான் எங்கள் தலையில் கல் விழுந்தது. வருஷத்துக்கு நூறு பிரசவத்துக்குக் குறைவாக நடக்கிற அறைகளை மூடிவிட்டு, எல்லாரையும் டவுனுக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. டவுனில் டாக்டர் இருக்கிறார், ரத்தம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, அதுவே பாதுகாப்பு என்றார்கள். எங்கள் அறையில் முந்தின வருஷம் அறுபத்தொன்று.

அத்தான் மூன்று புதன்கிழமை அதை எதிர்த்துப் பேசினார். கமிட்டி எழுத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். நாலாவது புதன்கிழமை அறிக்கையை அச்சடித்து மேசையைச் சுற்றி அனுப்பினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக அத்தானும் போட்டார்.

ஏன் போட்டார் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். எங்கள் ஊரில் கூட்டம் நடந்தால் வாத்தியார் நோட்டில் எழுதுவார், யார் என்ன சொன்னார்கள் என்று. கடைசியில் நோட்டு சுற்றி வரும். வேண்டும் என்றவரும் போடுவார், வேண்டாம் என்றவரும் போடுவார். நான் ஓடிப் போகவில்லை, கடைசிவரை இருந்தேன், என் பேச்சு இதில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். கோபித்துக்கொண்டு போடாமல் எழுந்து போகிறவனுடைய பேச்சை வாத்தியார் பேனாவால் அடித்துவிடுவார். அத்தானுக்கு இருபது வருஷப் பழக்கம் அது. தான் பேசியது அடிபட்டுவிடக் கூடாது என்றுதான் அழுத்திப் போட்டிருக்கிறார்.

எழுத்தர் சொல்லத்தான் செய்தாராம். "மாற்றுக் கருத்து இருந்தா ஏழு நாளைக்குள்ள எழுதிக் குடுங்க சார்" என்று.

"நான் பேசினதெல்லாம் எழுதியிருக்கீங்கள்ல?"

"எழுதியிருக்கேன் சார்."

"அப்புறம் என்ன, இன்னொரு தடவை எதுக்கு?"

எழுத்தர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து நர்ஸம்மா செய்தித்தாளோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அன்று குரலே எழும்பவில்லை. "ஒருமனதான்னு போட்டிருக்கு அக்கா. அண்ணன் பேரும் இருக்கு" என்றாள்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். பதினோரு பெயரில் ஏழாவதில் விரலை வைத்தாள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என் காதுபடவே பேசினார்கள். "நட்டு கழண்டுடுச்சு." "கழண்டுக்கல, அங்க யாரோ கழட்டிட்டாங்க." ஒருத்தி என்னிடமே நேராகக் கேட்டாள், "ஏம்மா, உன் அத்தான் அங்க குழாய்தான் மாட்டறாரா, வேற ஏதாவதும் மாட்டறாரா?" அக்காவின் பெண்ணுக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம்.

அத்தான் சனிக்கிழமை வந்தார். விஷயம் அவருக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே யாரும் முகம் கொடுக்கவில்லையாம், ஏதோ சாவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்கா செய்தித்தாளை எதிரே வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"அறிக்கையில போட்டேன். ஆமா."

"அப்ப ரூமை மூடச் சம்மதமா?"

"யாரு சொன்னா? மூணு நாள் தொண்டை வத்தப் பேசியிருக்கேன்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"நான் அங்க இருந்தேன்ல."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அத்தான் செய்தித்தாளை எடுத்து மறுபடி மறுபடி படித்தார். ஒருமனதாக என்ற இடத்தில் நின்றார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே தான் பேசியது இருக்கும் என்பது போல. அங்கே டயர் விளம்பரம்தான் இருந்தது.

"ஏன்மா," என்றார் என்னிடம், "நம்ம நோட்டுல இப்படித்தானே?"

"இப்படித்தான் அத்தான்."

"அங்க இப்படி இல்ல போலிருக்கே."

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பட்டறையில் போய் ஒரு பம்பைப் பிரித்து, ஒன்றும் செய்யாமல் மறுபடி பூட்டினார். பட்டறைக்கு எதிரே நின்றவர்கள் அதைப் பார்த்தும் சிரித்தார்கள்.

அறிக்கை சபைக்கு வருகிற நாளில் நானும் அக்காவும் தலைநகரத்துக்குப் போனோம். அக்காதான் போக வேண்டும் என்றாள். "புஸ்தகத்துல படிச்சா யாரு சிரிக்கறாங்கன்னு தெரிய மாட்டேங்குது" என்றாள். பார்வையாளர் மாடத்தில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பேசக் கூடாது என்றார்கள், காலை நீட்டக்கூட விடவில்லை. கீழே பார்த்தால் பாதிப் பேர் எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் காது குடைந்துகொண்டிருந்தார். இங்கேதான் எல்லாம் நடக்கிறதா என்று இருந்தது எனக்கு.

அத்தான் எழுந்து, அறிக்கையை எதிர்க்கிறேன் என்று ஆரம்பித்தார். உடனே கமிட்டித் தலைவர் எழுந்தார். நல்ல மனுஷர் என்று அத்தானே சொல்லியிருந்தார். "உறுப்பினர் இதில் ஏழாவதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். இப்போது எதிர்க்கிறார். சபை எதை எடுத்துக்கொள்வது, அவர் கையையா, வாயையா?" என்றார்.

சிரிப்பு எழுந்தது. எல்லாரும்தான் சிரித்தார்கள். அக்கா குனிந்துகொண்டாள்.

"ரெண்டும் என்னோடதுதாங்க" என்றார் அத்தான். மறுபடி சிரிப்பு.

சபாநாயகர் மணியைத் தட்டி, விளக்கம் சொல்ல நாலு நிமிஷம் கொடுத்தார். அத்தான் எங்கள் ஊர் நோட்டைப் பற்றிச் சொன்னார். போடாமல் போனால் பேச்சை அடித்துவிடுவார்கள் என்பதைச் சொன்னார். "என் பேச்சு நிக்கணும்னுதாங்க போட்டேன். அந்தக் கையெழுத்தே எனக்கு எதிரா நிக்கும்னு தெரியாது. அதை அடிச்சிடுங்க" என்றார்.

"கையெழுத்தை நீக்க விதியில் இடமில்லை" என்றார் சபாநாயகர்.

"அப்ப நான் பேசினது?"

"அதுவும் பதிவில் இருக்கும்."

"ரெண்டும் இருக்குமா?"

"இரண்டும் இருக்கும்."

அத்தான் கையிலிருந்த தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். சொல்ல வந்ததை மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தாளை வைத்துவிட்டுப் பேசினார். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி பத்து நிமிஷம், வேனில் ஒரு மணி முப்பத்தைந்து, மழையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, இதைத் தவிர ரயில்வே கேட் என்றார். கேட் பற்றி அதற்கு மேல் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. உட்கார்ந்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். அவருடைய அறைக் குழாயையும் அத்தான் சரி செய்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன், அதனால்தானா என்பது தெரியாது. டவுனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற இடங்களைத் தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சொன்னார். சபாநாயகர் வேகமாக ஏதோ படித்தார். ஆம் என்று ஒரு கூட்டம் சொல்லிற்று, இல்லை என்று ஒரு கூட்டம் சொல்லிற்று. மறுபடி ஏதோ படித்தார். மறுபடி ஆம், மறுபடி இல்லை. அதற்குள் மீன்பிடிப் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரூம் இருக்கா, போச்சா?" என்று அக்கா என் காதில் கேட்டாள். காவலுக்கு நின்ற பெண் எங்களை முறைத்தாள்.

வெளியே வாசலில் அத்தான் வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அறிக்கை நிறைவேறிடுச்சு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருத்தமும் நிறைவேறிடுச்சு" என்றார்.

"அப்படின்னா?"

"அதான் தெரியல. எழுத்தரைக் கேட்டேன். படிச்சுப் பார்த்துத்தான் சொல்லணும்ங்கறாரு."

மூன்று மாதம் கழித்து இரண்டு பட்டியல் வந்தது. மூடுகிற அறைகள் ஒரு பட்டியல், இருக்கிற அறைகள் ஒரு பட்டியல். வாத்தியார் இரண்டையும் மூன்று முறை படித்தார். எங்கள் ஊர் இரண்டிலும் இல்லை. காகிதத்தில் கூட்டிப் பார்த்தார்.

"இது எண்பத்து மூணு. அது இருநூற்றுப் பதினேழு. முந்நூறு ஆச்சு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. பன்னிரண்டு ரூம் குறையுதே."

"அதெல்லாம் எங்க சார்?" என்றாள் நர்ஸம்மா.

"பரிசீலனையில."

"பரிசீலனையில இருந்தா நான் நாளைக்கு ரூமைத் திறக்கறதா, வேண்டாமா?"

வாத்தியார் அத்தானைப் பார்த்தார். அத்தானுக்கும் தெரியவில்லை. "மூடச் சொல்ற கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டார். வரவில்லை என்றாள். "அப்ப திற" என்றார். திறந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அக்காவின் பெண்ணுக்கு அந்த வருஷக் கடைசியில் அங்கேதான் பிரசவம் ஆயிற்று, பட்டப்பகலில், பெண் குழந்தை. அத்தான் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டு எழுந்தவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அடுத்த தேர்தலில் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவர்கள் அந்தக் கையெழுத்துப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவர் சுவராக ஒட்டினார்கள். நீங்கள் பேசிய பக்கத்தை மட்டும் ஒட்டுங்கள் என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அத்தான் கேட்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டினார். ஜனங்கள் இதையும் படித்தார்கள், அதையும் படித்தார்கள், குழம்பினார்கள். "ரூமை இவரு மூடப் பார்த்தாரா, திறந்து வச்சாரா?" என்று அந்த அறையிலேயே பிள்ளை பெற்றவள் என்னிடம் கேட்டாள். நான் முழுசாகச் சொன்னேன். நோட்டு, கையெழுத்து, திருத்தம், பட்டியல் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தலை சுத்துதுக்கா" என்று போய்விட்டாள். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.

அவர் அந்த ஐந்து வருஷத்தில் என்ன செய்தார் என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? வேறு ஊர்களில் எத்தனையோ அறைகளில் குழாய் வந்திருக்கும், அவர்களுக்கு இவர் பெயர் தெரியாது. எண்பத்து மூன்று அறைகளை மூடின அறிக்கையில் இவர் பெயர் இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். அக்காவிடம் அந்த அச்சடித்த புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. ஒருநாள் கேட்டேன், "அத்தான் ஜெயிச்சாரா தோத்தாராக்கா?" என்று. "எதுல?" என்றாள். தேர்தலைக் கேட்டேனா, வேறு எதையோ கேட்டேனா என்று எனக்கும் அப்போது நிச்சயமில்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அந்த ஆஸ்பத்திரிக்கு யாரையும் மாற்றவும் இல்லை, புதிதாக யாரையும் போடவும் இல்லை. சீட்டு எழுதுகிற குமாஸ்தா ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் கேட்டு நர்ஸம்மா எழுதியதற்கு, பரிசீலனை முடியட்டும் என்று பதில் வந்தது. அது வந்து எட்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் அங்கே ஐம்பத்து நாலு பிரசவம்.

அத்தானுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. பட்டறையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். அத்தான் தினமும் காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை ஆஸ்பத்திரி முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்.